குளிர்காற்றின் பதினான்கு மணி நேரம்

2020 ஆகஸ்ட் 10, அதிகாலை. தெற்கு டகோட்டா – நெப்ராஸ்கா எல்லை

சிதறலாகச் சில இடிமேகங்கள் எழுந்தன. தனி இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். சூடான ஈரக்காற்று மேலேறி மேகமாகிறது, மழை இறங்குகிறது. அந்த மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துத் தரையில் விழுந்து பரவுகிறது. மேகத்துக்குத் தீனியாக வந்துகொண்டிருந்த ஈரக்காற்றின் வழி அடைபடுகிறது. தான் பெய்த மழையாலேயே மேகம் மடிகிறது. கோடை மாலையில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துபோகும் வெப்பச்சலன மழையின் கதையும் இதுதான்.

காலை 9 மணி. மேற்கு அயோவா

இங்கே கதை மாறியது. பல மேகங்களின் குளிர்காற்று ஒன்றுகூடித் தரையையொட்டித் தேங்கியது. அதன் முன்விளிம்பு, ஏர்க்கொழு மண்ணைப் புரட்டுவதுபோல் எதிரிலுள்ள ஈரக்காற்றைக் கிளப்பிவிட, அங்கே புது மேகம் முளைக்கிறது. முன்பு மேகத்தைக் கொன்ற அதே குளிர்காற்றுதான் இப்போது மேகத்தை வளர்க்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் மாற வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அந்த வேறுபாடு போதாவிட்டால் குளிர்காற்று மேகத்தை விட்டுவிட்டு முன்னே ஓடிவிடும். போதுமானால் பழைய மேகங்கள் பின்னால் சாகச் சாக, முன்னால் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இம்மேகத் தொகுதிகள் பல மணி நேரம் உயிரோடிருப்பதன் சூட்சுமம் இது. அமெரிக்க நடுநிலத்தின் கோடைமழையில் பெரும்பங்கு இவை தருவது. மக்காச்சோளம் அங்கே செழிப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.

பகல் 12.30. சீடர் ராப்பிட்ஸ், அயோவா

ரேடாரில் மழைக்கோடு வில்லாக வளைந்திருந்தது. தொகுதியின் பின்புறமாக நடு உயரத்தில் நுழையும் காற்று, மழையில் குளிர்ந்து கீழிறங்கி முன்னோக்கிப் பாய்வதால் வரும் வளைவு அது. நகரின் ஒரு பகுதியில் காற்றின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் என்று பின்னர் சேதத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். வேகத்தைவிடக் கொடியது அது நீடித்த நேரம். சாதாரண இடிமழையில் பலத்த காற்று சில நிமிடங்களில் அடங்கிவிடும். அன்று பல இடங்களில் அரை மணிக்கும் மேல் அறைந்தது. தகரத்தாலான தானியக் குதிர்கள் காலி டப்பாவாக நசுங்கின. ஆளுயரத்தைத் தாண்டி நின்ற மக்காச்சோளப் பயிர், சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒரே பக்கமாகப் படுத்தது. நகரின் மரநிழலில் பாதிக்கு மேல் போயிற்று.

சுழலாமல் நேராக அறையும் இக்காற்றுக்கு ‘டெரேச்சோ’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ‘நேர்’ என்று பொருள். 1888-இல் இப்பெயரைச் சூட்டிய கஸ்டாவஸ் ஹின்ரிக்ஸும் அயோவாவில் பணியாற்றியவரே. பொருத்தமான பெயர்தான், ஆனாலும் 1980-களில் ஆய்வாளர்கள் தூசி தட்டி எடுக்கும்வரை ஏறக்குறைய நூறாண்டு கிடப்பில் கிடந்தது.

பிற்பகலும் இரவும். சிகாகோ முதல் ஒஹையோ வரை

பிற்பகலில் சிகாகோவைக் கடந்து, இண்டியானா வழியே ஒஹையோவை எட்டியபோது தொகுதி தளர்ந்துவிட்டது. 14 மணி நேரத்தில் சுமார் 1,240 கிலோமீட்டர்; சேதம் ஏறத்தாழ 1,100 கோடி டாலர். இப்படித் தளரும் தொகுதிகளின் பின்னால் இடி தணிந்த மழை பரவலாக நெடுநேரம் தூறும். சில தொகுதிகள் நடு உயரத்தில் ஒரு சுழலையும் விட்டுச்செல்லும். மறுநாள் வெயில் ஏறியதும் அதைச் சுற்றிப் புது இடிமேகங்கள் முளைப்பதுண்டு.