ஆனையிறவில் எரிந்த விளக்கு

வீட்டிலே முதியவர் ஒருவர் இருந்தால், அவருடைய இருமலுக்கும் பெருமூச்சுக்கும் பொருள் என்னவென்பதை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். பழைய மோட்டார்க் காரும் அத்தகைய ஒரு முதியவரே. சொல்ல வேண்டியதை அது சொல்லாமல் விடுவதில்லை. கேட்பதற்குத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

எம்மிடம் இருப்பது 1958 ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர். ஐயா வாங்கி ஓட்டியது. 1990 ஆம் ஆண்டின் பின்னர், போரின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, எம்மூர்ப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகிக்கொண்டன. சிறிது பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். அதனால் வந்த கேடும் உண்டு. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கிவிடும். எண்ணெய் நீர்த்துப் போகும். உராயும் இடங்கள் தேயும். ஆகவே ஐயா தினந்தோறும் காலையில் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து, அளவைப் பார்ப்பதற்கு முன் மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். நாம் அதனைக் கண்டு சிரித்ததுண்டு.

அக்காலத்தில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. வன்னிக்குச் செல்வோர் கிளாலியிலே தோணி ஏறினர். 2002 ஆம் ஆண்டிலே பாதை திறந்தபோது, அதே காரில் ஐயா எம்மை ஏற்றிக்கொண்டு ஆனையிறவைக் கடந்தார். நடுவழியிலே நிறுத்தி, இருபுறமும் விரிந்து கிடந்த நீரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று ஐயா இல்லை, கார் இருக்கிறது.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், கிளிநொச்சியிலே உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்காக நாமும் இல்லாளும் அக்காரிலே புறப்பட்டோம். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே ஒரு குறி தோன்றியிருந்தது. சூடேறிய எஞ்சின் மெதுவாகச் சுழலும் வேளையில், எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு மினுங்கும். நண்பர் ஒருவர் கூறியபடி தடித்த எண்ணெயை ஊற்றினோம். மினுக்கம் நின்றது, நாமும் மகிழ்ந்தோம். நோய் தீர்ந்ததென்று எண்ணினோம். உண்மையில் நோயின் வாயைப் பொத்தியிருந்தோம்.

ஆனையிறவிலே, மர நிழலில்லாத நெடுந்தெருவில், உச்சி வெயிலில், அந்த விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை மினுங்கவில்லை, நிலையாக நின்று எரிந்தது.

“இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ,” என்றாள் இல்லாள்.

நிறுத்திச் சிறிது நேரம் கழித்துக் கம்பியை இழுத்துப் பார்த்தோம். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு கிழமைக்கு முன்புதான் நிரப்பியிருந்தோம். கையிலிருந்த பேணி எண்ணெயை ஊற்றி எஞ்சினை எழுப்பினோம். வேகத்தைக் கூட்டியபோது விளக்கு அணைந்தது, விட்டதும் எரிந்தது.

“பெரிதாக ஒன்றுமில்லை, பரந்தன் மட்டும் மெதுவாகப் போகலாம்,” என்றோம்.

இல்லாள் காரில் ஏறவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: “மாமாவின்ரை நெஞ்சுநோவையும் இப்பிடித்தான் ஒண்டுமில்லை, வாய்வு எண்டு ஒரு கிழமை விட்டனாங்கள்.”

நாம் எஞ்சினை நிறுத்தினோம். அதன் பின்னர் இருவரும் பேசவில்லை. பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்துடன் வந்த இளைஞர் ஒருவர் இரங்கி, கயிறு கட்டிப் பரந்தன் வரை இழுத்துச் சென்றார்.

பரந்தனிலே பழைய கார்களின் குணமறிந்த முதியவர் ஒருவரின் கராச்சிலே காரை விட்டோம். “எண்ணெய் குறையிறது ஒரு வருத்தம் மாஸ்ரர், அழுத்தம் குறையிறது இன்னொரு வருத்தம். ரெண்டையும் தனித்தனியாப் பாக்கவேணும்,” என்றார் அவர். அவர் சென்ற முறை மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகின்றோம்.

முதலில் அவர் ஐயுற்றது விளக்கைத்தான். விளக்கை எரியச் செய்யும் சிறு சுவிச்சு பழுதானாலும் விளக்கு எரியும். அதைக் கழற்றி, அவ்விடத்திலே அழுத்தமானியைப் பூட்டினார். இவ்வகை எஞ்சின் சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 இறாத்தலும், மெதுவாகச் சுழலும்போது சுமார் 15 இறாத்தலும் காட்டுதல் நன்று. எமது எஞ்சின் குளிர்ந்திருந்தபோது 50 வரை காட்டியது; சூடேறி மெதுவாகச் சுழன்றபோது 5 கூட இல்லை. விளக்குப் பொய் சொல்லவில்லை.

அடுத்து, எண்ணெய் எங்கே போகிறது என்ற ஆராய்ச்சி. ஒன்றில் அது ஒழுகவேண்டும், அன்றேல் எரியவேண்டும். எரிந்தால் புகை நீல நிறமாக வரும். காலையில் எழுப்பியவுடன் மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால், வால்வுகளின் வழியே எண்ணெய் இறங்குகிறதென ஐயுறலாம். பாரமிழுக்கும்போது இடைவிடாது வந்தால், பிஸ்டன் ரிங்குகளை ஐயுறலாம். எமது காரில் நீலப்புகை இல்லை. ஆகவே எஞ்சினின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் கீழே வெள்ளைத்தாள் விரித்து வைத்தார். காலையிலே பக்கமூடியின் கீழும், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேருமிடத்தின் கீழும் கறுப்புத் துளிகள் காணப்பட்டன. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் அழுக்கால் அடைபட்டிருந்தது. மூச்சு முட்டிய எஞ்சின், கிடைத்த இடுக்கெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருந்தது.

ஒழுக்கின் காரணம் தெரிந்தது. ஆயினும் எண்ணெய் நிரப்பிய பின்னரும் அழுத்தம் ஏறாதது ஏன்? அதற்கு அவர் இரணைமடு வாய்க்காலைக் காட்டி விளக்கம் சொன்னார். வாய்க்காலின் வரம்பு பல இடங்களில் உடைந்திருந்தால், குளத்திலே எவ்வளவு நீர் இருந்தாலும் கடைசி வயலுக்கு நீர் ஏறாது. எஞ்சினிலும் அப்படியே. பம்பு தள்ளும் எண்ணெய், சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பெயரிங்குக்கும் இடையே உள்ள மிக நுண்ணிய இடைவெளியிலே நெருக்கப்படுவதால் அழுத்தம் நிலைக்கிறது. இடைவெளி அகன்றால் எண்ணெய் எளிதாக வழிந்துவிடும். தடித்த எண்ணெய் சற்று மெதுவாக வழியும், அவ்வளவே. தேய்ந்தது தேய்ந்ததுதான்.

செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்கினார். மிகை அழுத்தத்தைத் தணிக்கும் வால்வைக் கழற்றித் துடைத்தார், பயன் இல்லை. பின்னர் சம்பை இறக்கினார். பம்பு எண்ணெயை உறிஞ்சும் வலை கரிய சேற்றால் பாதி அடைபட்டிருந்தது. பெயரிங்குகளின் மேற்பூச்சுத் தேய்ந்து செப்பு நிறம் தெரிந்தது. தண்டின் மீது விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். எமக்கு நெஞ்சு இடித்தது. தண்டிலே கோடு விழுந்திருந்தால், எஞ்சின் முழுவதையும் பிரித்துத் தண்டைக் கடைந்தெடுக்க வேண்டிவரும்.

“தண்டு தப்பியிட்டுது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் தப்பியிராது,” என்றார். பின்பு, “மண்ணெண்ணெயிலை ஓடின காரோ?” என்று கேட்டார்.

ஆம் என்றோம். அந்தத் தேய்வில் எவ்வளவு பழையது, எவ்வளவு நமது அசட்டையால் வந்தது என்று அவர் பிரித்துக் கூறவில்லை. நாமும் கேட்கவில்லை. அத்தனை இடரிலும் ஐயா காப்பாற்றிய எஞ்சினை, பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் ஒரு முறையேனும் திறந்து பார்க்காதவர் நாமே.

புதிய பெயரிங்குகளும் காஸ்கெற்றுகளும் பூட்டி, வலையையும் மூச்சுக்குழாயையும் துப்புரவாக்கி, ஏற்ற தடிப்புள்ள எண்ணெயை ஊற்றினார். சில நாட்களின் பின் வீடு திரும்பும் வழியில், ஆனையிறவிலே காரை நிறுத்தினோம். எஞ்சின் மெதுவாகச் சுழன்றது, விளக்கு எரியவில்லை. இல்லாள் இறங்கி, முன்பு ஐயா பார்த்த நீரைச் சிறிது நேரம் பார்த்து நின்றாள்.

இப்பொழுது நாமும் காலையிலே கம்பியை இழுத்து, முதலில் மணந்து பார்க்கிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நேயர்களே, காரிலே அந்த விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் எவ்வளவு அண்மையில் இருந்தாலும் நிறுத்துங்கள். வீட்டிலே ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு “ஒன்றுமில்லை” என்று சொன்னால், அவர் சொல்லை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். காருக்குப் புதிய பெயரிங்கு கிடைக்கும்.