வேலை கெடைச்சிட்டாடே? - தாமிரபரணிக் கரையில் இரண்டு உத்தியோகக் கதைகள்

திருநெல்வேலியில் பட்டம் வாங்கிய பிள்ளையிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. பெரியப்பா, பக்கத்து வீட்டு ஆச்சி, டீக்கடை அண்ணாச்சி என எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "என்னடே, வேலை கெடைச்சிட்டா?"

கிடைத்தால் வீட்டுக்கு வீடு அல்வா. கிடைக்கவில்லை என்றால், "கம்பெனிக்காரன் அல்வா குடுத்துட்டான்" என்று பேச்சு. ஆக மொத்தம் அல்வா நிச்சயம்!

அதிலும் 'அரைக்காசு உத்தியோகம்னாலும் அரசாங்க உத்தியோகம்' என்ற சொலவடைக்கு இங்கே தனி மவுசு. அதன் அடையாளத்தைப் பார்க்க வேண்டுமானால், ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் போக வேண்டும். வழியில் தாமிரபரணி. அதன்மேல் சுலோசன முதலியார் பாலம். தாண்டினால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ்.

முதல் கதை இந்தப் பாலத்துடையது. சுலோசன முதலியார் அந்தக் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர். அன்று இந்தியர்கள் எட்டக்கூடிய உயர்ந்த நாற்காலிகளில் அதுவும் ஒன்று. பாலம் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்கப் படகுதான் வழி. பாலம் கட்டப் பணத்துக்கு எங்கே போவது, மக்களிடம் வரி வசூலிக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, மொத்தச் செலவையும் முதலியாரே ஏற்றுக்கொண்டார் என்கிறது ஊர் வரலாறு. 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. மனைவியின் நகைகளும் அதில் கரைந்தன என்று நெல்லையில் இன்றும் சொல்வார்கள். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. வீட்டையே ஆபீஸ் வேலைக்குக் கொண்டுபோனவர் இவராகத்தான் இருப்பார்!

இரண்டாவது கதை, உத்தியோகம் வாய்க்காத ஒருவருடையது. சொ.விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன். அப்பா தாசில்தார். ஓய்வுபெற்று 1918-ல் சொந்த ஊரான நெல்லைக்குக் குடும்பத்தோடு திரும்பினார். மகன் இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931-ல். அப்போது வயது 25. தாசில்தார் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை கதை எழுதிக்கொண்டிருந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு சென்னை. 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகை வேலைகள். மனைவி கமலா பல காலம் தெற்கே இருக்க, இவர் சென்னையிலிருந்து கடிதம் எழுதினார். பின்னாளில் அவை 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாயின. அன்பும் பணக் கவலையும் அதில் ஒரே உறையில் வரும். இன்று வேளச்சேரி மேன்ஷனிலிருந்து ஊருக்கு வீடியோ கால் போடும் நெல்லைப் பையனின் பேச்சும் ஏறக்குறைய அதுதான். தபால் தலைதான் இல்லை.

வேலை தேடும் அவஸ்தையிலிருந்து அவர் கடவுளைக்கூட விட்டுவைக்கவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வரும் கடவுள், பிழைப்புக்காக ஒரு பெரிய மனிதர் முன்னால் நடனம் ஆடிக் காட்டுகிறார். தேர்வாகவில்லை! நேர்காணலில் தோற்றுத் திரும்பும் யாருக்கும் இதைவிட நல்ல ஆறுதல் கிடைக்காது.

சினிமாவுக்கு எழுதப் போன இடத்தில் காசநோய் பற்றியது. 1948-ல், 42 வயதில், மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் விட்டுவிட்டு மறைந்தார். சேர்த்துவைத்த சொத்து என்று பார்த்தால், எழுத்து மட்டும்தான். அதை 2002-ல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. தாசில்தார் மகனுக்கு வராத அரசாங்க ஆர்டர், அவர் எழுத்துக்கு வந்துசேர 54 வருஷம் ஆனது.

இன்று பாளையங்கோட்டையில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பொதுத்தமிழ் கைடில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். 'சிறுகதை மன்னன் என அழைக்கப்படுபவர் யார்?'

சரியான விடை எழுதினால் அரசாங்க வேலைக்கு ஒரு கேள்வி நெருக்கம். விடையாக இருப்பவருக்கோ கடைசிவரை அந்த வேலை கிடைக்கவில்லை.