வளைந்ததை நிமிர்த்தும் வகை

தகரத்தால் ஆன மோட்டார் வண்டியின் பாகம் நெளிந்துவிட்டால் ரிங்கர் வேலை தெரிந்தவர் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடுவார். ‘பைபர்’ என்று நாம் வழங்கும் கண்ணாடி நாராலும் ரெசினாலும் ஆன பாகம் வளைந்தாலோ சுத்தியல் உதவாது; தட்டினால் வெடிக்கும். அதனை எவ்வாறு குறைந்த செலவில் நிமிர்த்துவது என்பதையே ஈண்டு கூற விழைகின்றோம்.

பந்தய வண்டிகளுக்கும் பைபருக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் 1953இல் வெளிவந்த செவ்ரொலே கோர்வெற் வண்டிகள் முந்நூறும் பைபர் உடல் கொண்டவை. 1957இல் இங்கிலாந்தின் லோட்டஸ் எலீற் வண்டி பாரம் தாங்கும் கூட்டையே பைபரால் அமைத்துக்கொண்டது. இந்தியாவிலும் 1982இல் பெங்களூரில் டொல்பின் என்னும் சிறு பைபர் வண்டி தோன்றியது. பாரம் குறைவு, துருப்பிடிக்காது, தகட்டை அழுத்தி உருவாக்கும் பெரும் இயந்திரங்கள் வேண்டா என்பனவே காரணம்.

இத்தகைய பழைய வண்டியொன்றை எம்மிடம் கற்ற இளைஞர் ஒருவர் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குக் கொணர்ந்தார். அதன் பொனற்றின் ஒரு மூலை இரண்டு விரல் உயரம் எழும்பி நின்றது. பல காலம் கழற்றிச் சுவரிற் சாத்திவைத்ததன் விளைவு அது. புதியதை வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டும் என்றனர். 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்த பின்னர் அவ்விலை ஆசிரியர்க்கும் எட்டாது, அவர்தம் மாணாக்கர்க்கும் எட்டாது.

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிப் படகுகள் பைபராலானவை அல்லவா? பரந்தன் வீதி வழியே பொனற்றைக் கொண்டு சென்று, படகு திருத்தும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். “அண்ணை, இது நிமிருமோ?” என்றோம். “வெயில் இருக்கே, மாஸ்டர்” என்றார் அவர்.

எம் மாணாக்கர்க்கு ஐயம். இத்தகைய ரெசின் ‘வெப்பமிறுக்கும்’ வகையைச் சேர்ந்தது. ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது என்பதன்றோ பாடம்? பாடம் பொய்யன்று. அதன் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்திருத்தலால் அது உருகி ஓடாது. ஆயினும் வெப்பம் மிகும்போது விறைப்புக் குறைந்து சற்றே தளரும். பெரியவர் புத்தகம் படித்தவரல்லர். தளர்ச்சியைக் கையால் அறிந்தவர்.

அவர் செய்தது இதுவே. நேரான பலகைகளின் மேல் பொனற்றைக் கவிழ்த்து வைத்தார். எழும்பிய மூலை நேர்நிலையையும் கடந்து சிறிது மறுபுறம் வளையுமாறு மணற்பைகளை ஏற்றினார். ஏனெனில் விட்டதும் அது சற்றே திரும்பி எழும். கறுப்புத் துணியால் மூடி உச்சி வெயிலில் விட்டார். கறுப்புப் பரப்பு நண்பகலில் அறுபது பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். மாலையில் இளைஞர் பைகளை எடுக்க விரைந்தபோது, “தம்பி, சூடு காட்டுறது பெரிசில்லை. ஆறுமட்டும் பிடிச்சிருக்க வேணும்” என்று தடுத்தார். மறுநாட் காலையிலேயே பைகள் இறங்கின.

பின்னர் உட்புறத்தை அரத்தாளால் தேய்த்து, நெடுக்காகப் பிளந்த குழாயொன்றை விலாவென வைத்து, ரெசின் தோய்த்த நார்ப்பாயால் இரண்டு மடிப்பு மூடினார். அவ்விலாவே வளைவு மீளாமல் தடுப்பது. மொத்தச் செலவு புதிய பொனற்றின் விலையிற் பத்திலொன்றும் ஆகவில்லை.

வீட்டில் முயல்வோர்க்குச் சில எச்சரிக்கைகள். நூறு கிராம் ரெசினுக்கு இறுக்கித் திரவம் ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். வன்னி வெயிலிற் குறைந்த அளவே நன்று. கோபாற்றுத் துரிதப்படுத்தியையும் இறுக்கியையும் ஒருபோதும் நேரே கலத்தலாகாது, வெடிக்கும். இறுக்கி கண்ணைக் கெடுக்கும்; தேய்த்த தூள் நுரையீரலுக்குத் தீங்கு. ஆகவே கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க. பாரம் தாங்கும் பாகங்களில் இம்முறை கூடாது.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் கண்டது இந்நிலம். அன்று இல்லாமை கற்பித்த கைவினையை இன்று எவரும் வற்புறுத்திக் கற்பிப்பதில்லை. மாணவ அன்பர்கள் பரீட்சைக்காகப் படித்த விதியொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு, விடுமுறையில் ஒருநாளேனும் படகுக் கொட்டிலிலோ கராச்சிலோ போய் நிற்பார்களாக. ஆங்கே நிற்கும் முதியவர்கட்கும் கேட்க ஆள் வேண்டும்.