டீக் ஹை, மேடம்

2024 ஜூலை 15, திங்கள்

எட்டரைக்குத்தான் அறையைத் திறப்போம். ஏழரைக்கே பெஞ்ச் நிறைந்துவிடும். மழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கிய காகிதங்கள். பாலிகிளினிக்கில் கொடுத்த ரெஃபரல் சீட்டு, ஈ.சி.எச்.எஸ். அட்டை, பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், அப்புறம் யாருமே கேட்காத நகல்கள் நாலைந்து. முன்னாள் ராணுவத்தினருக்கான இந்த மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. அதன் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் செயற்கைக் கால் கைகளும் தாங்கு கருவிகளும் செய்து பொருத்துவது என் வேலை. வேலூர்ப் பக்கத்தில் இதற்கு ஆள் வராத நாளே கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற வட்டாரம் இது.

முதல் ஆள் ஹவில்தார். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பல வருஷம் புனேயில் செய்த காலில் நடந்தார். போன மாதம் நான் புது சாக்கெட், அதாவது மிச்சக் கால் நுழையும் கூடு, போட்டுக் கொடுத்தேன்.

"எப்படி சார் இருக்கு?"

"டீக் ஹை, மேடம்."

எல்லாம் சரி என்கிற இந்த இரண்டு இந்திச் சொல்லை நம்பினால் எங்கள் பிழைப்பு நாறிவிடும். கழற்றச் சொன்னேன். சாக்ஸில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தக் கறை. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு சின்ன எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதன் மேல் எடை விழக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சாக்கெட்டில் அந்த இடத்தைக் குழித்துத்தான் விட்டிருக்கிறேன். ஆனால் கால் மெலிந்திருக்கிறது. மெலிந்த கால் சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும். இறங்கினால் குழி ஓரிடம், எலும்பு ஓரிடம். சாக்ஸைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் கால் மறுபடி மேலே வரும். காலையில் ஒரு சாக்ஸ் போதும், சாயங்காலத்துக்குள் ஸ்டம்ப் என்கிற மிச்சக் கால் சுருங்கிவிடும், இரண்டாவது வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். இவர் காலையில் மாட்டியதோடு சரி.

"நைட்டெல்லாம் முனகினாருமா. கேட்டா ஒண்ணுமில்லன்றாரு" என்றார் மனைவி, கதவோரம் நின்றபடி.

"அவ சும்மா சொல்றா, மேடம்."

மனைவியைத் தனியாக விசாரிக்காமல் நான் எந்த ராணுவத்தாரின் சீட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை. புத்தகத்தில் இந்த விதி இல்லை.

ஜூலை 18, வியாழன்

இன்று அளவெடுக்கும் நாள். துணி உறையை இழுத்து மாட்டி, அழியாத பென்சிலால் எலும்பு முனைகளைக் குறித்து, மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றுவது. மாவு இறுகும் வரை முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் இரு பக்கமும் கட்டை விரல்களால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆள் நடக்கும்போது எடையின் பெரும்பங்கை அந்த இடம்தான் வாங்கும். உரித்தெடுத்த கூட்டுக்குள் மாவை ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். அப்புறம் அரத்தை எடுத்துக்கொண்டு டெக்னீஷியன் அண்ணன் உட்காருவார். எடை தாங்கும் இடத்தில் சுரண்டி எடுப்பார், தாங்காத இடத்தில் அப்பி உயர்த்துவார். அதன் மேல்தான் அடுப்பில் இளக்கிய பாலிபுரொப்பிலீன் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைப்பது. இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அச்செடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. வரட்டும், நல்லதுதான். ஆனால் தொட்டதும் நோயாளியின் முகம் சுளிக்கிற இடத்தை என் விரல்தான் கண்டுபிடிக்கிறது.

கட்டை விரலால் அழுத்திப் பிடிக்கும் இந்த வடிவமே ராணுவத்தாருக்காகப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்து திரும்பியவர்களுக்காக அமெரிக்கா 1945இல் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அந்த ஓட்டத்தில், 1950களின் இறுதியில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இது உருவானது. நம் நாட்டுக் கதையும் வேறல்ல. முதல் உலகப் போரில் ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917இல் பம்பாயில் குயின் மேரி தொழிற்பள்ளி வந்தது. அடுத்த போர் நடந்துகொண்டிருந்த 1944இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் வந்தது. எங்கள் பெஞ்சில் உட்காரும் பெரியவர்கள் பலர் காட்பாடியில் ரயிலேறி அங்கே போய்க் கால் வாங்கி வந்தவர்கள்தான்.

மத்தியானம் வந்தவருக்குக் குண்டும் இல்லை, வெடியும் இல்லை. சியாச்சின். 1984லிருந்து நம் ஆட்கள் அந்தப் பனியில் நிற்கிறார்கள். அங்கே கால் விரல்களைக் குளிரே தின்றுவிடும். இவருக்கு வலது பாதத்தில் ஒரு விரல்கூட இல்லை. வேலூர் வெயிலில் இதைக் கேட்டால் யாருக்கும் விசித்திரமாகத்தான் இருக்கும். விரலில்லாத பாதத்தால் தரையை உந்தித் தள்ள முடியாது. செருப்பும் மடிந்து மடிந்து முனையில் புண் வைக்கும். ஷூவுக்குள் விரல் இருந்த இடத்தை நிரப்பி, அடியில் விறைப்பான தகடு வைத்து, முன்பக்கம் வளைத்து உருட்டிவிட்டால் ஷூவே உந்தல் வேலையைச் செய்துவிடும். இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் சார் என்றேன். பழைய துணியைச் சுருட்டித் திணித்துக்கொண்டு ஒரு அபார்ட்மென்ட் வாசலில் காவல் வேலை பார்த்திருக்கிறார்.

ஜூலை 23, செவ்வாய்

ஆடிக் கிருத்திகை வருகிறது. ரிட்டயர்ட் சுபேதார் ஒருவர் ரத்தினகிரிப் படி ஏற வேண்டுமென்று வந்து நிற்கிறார். வெறுங்காலோடு. செருப்புப் போட்டு ஏறுங்கள் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

சிக்கல் பக்தியில் இல்லை, குதிகாலில் இருக்கிறது. சாதாரணச் செயற்கைப் பாதத்தை, குதி உயர்ந்த ஷூவுக்குள் நிற்பதாக வைத்துத்தான் நிமிர்த்திப் பொருத்துகிறோம். ஷூவைக் கழற்றினால் குதி தாழ்ந்து, மொத்தக் காலும் பின்னால் சாயும். முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும். சமதரையே மேடு ஏறுவதுபோல இருக்கும். நிஜ மேடு என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல உடல்வாகு உள்ளவருக்கே முழங்காலுக்குக் கீழ் ஒரு கால் போனால் நடையில் சுமார் 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும்.

மேல்நாட்டுக் கால்களின் இந்தக் குறையைத்தான் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் கடைசியில் பிடித்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் வெறுங்காலோடு வயலில் இறங்குவார்கள், கோயிலுக்குள் போவார்கள், குந்தி உட்காருவார்கள் என்று யோசித்து ரப்பரில் பாதம் வார்த்தார்கள். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் கோபம் உண்டு. பட்டறைக்காரன் பெயர் எப்போதும் அடியில்தான் போகிறது.

சுபேதாருக்குப் புதுப் பாதம் வாங்க நாள் இல்லை. டெக்னீஷியன் அண்ணன் எம்.சி.ஆர். என்கிற மிருதுவான நுண்துளை ரப்பரை ஆப்பாகச் சீவி, பாதத்தின் அடியில் குதியில் ஒட்டி, மேலே ஒரு சாக்ஸை இழுத்துவிட்டார். கால் நிமிர்ந்துகொண்டது.

"இது செருப்புக் கணக்கு இல்லையே, மேடம்?"

"கால் கணக்குதான் சார்."

"முருகனுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது பொய்க்கால் முன்னால். வராந்தாப் படியில் பத்து முறை ஏறி இறங்கச் சொன்னேன். டிரில் என்றதும் ஆளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

கார்கில் வெற்றி நாள். இந்த ஆண்டு 25 ஆண்டு நிறைவு என்பதால் காலையிலேயே ஒரு நிருபர் போன் செய்தார். கார்கிலில் கால் போனவர் யாராவது இருக்கிறாரா மேடம், பேட்டிக்கு? பெஞ்சைப் பார்த்தேன். இல்லை. உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காலை எடுத்தது சர்க்கரை.

இதைச் சொன்னதும் நிருபரின் குரலில் சுருதி இறங்கிவிட்டது. ஆனால் கதை இங்கேதான் இருக்கிறது. சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதிலேயே பென்ஷனோடு ஊர் வந்துவிடுகிறார். ஓடிப் பழகிய உடம்பு உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்புக்கு என்று செக்யூரிட்டி வேலை. பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, ராத்திரி கண்விழிப்பு, டீ, பிஸ்கட், கால் மூச்சுவிடாத கறுப்பு ஷூ. சர்க்கரை முதலில் பாதத்தின் உணர்ச்சியைத் தின்னும். ஷூவுக்குள் கிடந்த கல்லோடு ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று ஒரு நாயக்கைச் சோதித்தேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிந்தால் சொல்லுங்கள் என்பேன். இவர் "எஸ்" என்றார். நான் தொடவே இல்லை. தொட்டபோது மௌனம். கொஞ்சம் பொறுத்து மறுபடி கம்பீரமாக ஒரு "எஸ்". கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று பழகிய ஆள். எதுவும் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

வலி இல்லாமல் போவதுதான் ஆபத்து என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊரே இதுதான். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று கண்டார். வேலூருக்குப் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் அந்தப் பாதங்களுக்காக எம்.சி.ஆர். செருப்பு பழக்கத்துக்கு வந்தது. 1966இல் அவர் அமெரிக்கா போனபோது இதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நாயக்குக்கு நான் எழுதிக்கொடுத்ததும் அந்தச் செருப்புதான். வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்றேன். சாமி அறைக்கு வெளியே கழற்றிக்கொள்கிறேன் என்பதில் வந்து உடன்பட்டோம்.

நிருபர் மறுபடி கூப்பிட்டார். வீரக்கதை வேண்டுமென்றால் இயன் கார்டோசோ இருக்கிறார் என்றேன். 1971 போரில் மிதிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியால் தானே வெட்டிக்கொண்டு, பின்னாளில் பொய்க்காலோடு பட்டாலியனுக்கே தலைமை ஏற்றவர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர், செருப்பு கடித்தது என்று என்னிடம் வந்து சொல்வாரா?

ஜூலை 31, புதன்

இல்லாத காலில் வலி. எழுபத்தைந்து வயதுப் பெரியவர், சுண்டுவிரல் எரிகிறது என்று மூன்றாம் வருகையில்தான் வாயைத் திறந்தார். பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள் என்று பயமாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களைப் பார்த்து மருத்துவர் வியர் மிட்செல் 1871லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார் என்றேன். அப்போ நம்மளவங்களுக்கு ரொம்ப நாளாவே இருக்குதா என்று கேட்டவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் சொன்னார். 2007இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. எங்களிடம் இருப்பது பழைய பீரோவின் நிலைக்கண்ணாடி. கால்களுக்கு நடுவில் நிறுத்தி, நல்ல காலை அசைத்து, கண்ணாடியில் தெரிகிற காலையே பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கேட்பதில்லை. இவருக்கு விரல்கள் இறுக்கம் விட்டதுபோல இருக்கிறதாம். தினமும் வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சுபேதார் மலை ஏறிவிட்டார். ஸ்டம்ப் சுத்தமாக இருந்தது. ஆப்பு கழன்று விழுந்திருந்தது. ஜெய்ப்பூர்ப் பாதத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இன்று மனசில் நின்றது வேறு ஒருவர். கணவரின் காலைக் காட்ட மாதாமாதம் கூடவே வரும் அம்மா. பையைத் தூக்குவது அவர், சீட்டை வரிசையில் வைப்பது அவர், கணவருக்குச் சாக்ஸ் எண்ணிப் போடுவதும் அவர். தேய்ந்த ரப்பர் செருப்பு, குதிகாலில் ஆழமான வெடிப்பு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா அம்மா என்றேன். இருக்குதும்மா, மாத்திரை போடுறேன், எனக்கு ஒண்ணுமில்ல. உட்காரவைத்து இழையால் தொட்டேன். இடது பெருவிரலிலும் அதன் அடியிலும் தெரியவில்லை. இந்தப் பாதத்தை இதுவரை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் பெயருக்கும் தனி ஈ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது, பையில்தான் இருந்தது. கணவர் அட்டைக்கு அடியில்.

அதனால் இதைப் படிக்கும் முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை இருக்கிற எல்லாருடைய பாதத்தையும் தினமும் ராத்திரி திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே பாலிகிளினிக்குக்குப் போங்கள். பொய்க்கால் போட்டவர்கள் சாக்ஸில் கறை பார்த்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். வரும்போது இப்போது போடுகிற செருப்பைக் கையோடு கொண்டுவாருங்கள். வீட்டம்மாவின் அட்டையையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.