கண்ணாடி கழுவ இரண்டு லிட்டர் தண்ணீர்

கார் வைத்திருப்பவர்கள் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவார்கள், டயரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். முன் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுகிற அந்தச் சின்ன மோட்டாரைப் பற்றி யாராவது கவலைப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "அது இல்லேன்னா வண்டி ஓடாதா என்ன?" என்று என் கணவர் சிரித்தார். "அதான் வைப்பர் இருக்கேம்மா" என்றார் மாமியார்.

வண்டி ஓடும், வாஸ்தவம்தான். கொட்டுகிற மழையில் வைப்பர் மட்டுமே போதும். தூறல்தான் பொல்லாதது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமியாரை ஆஸ்துமாவுக்காக மதுரைக்கு அழைத்துப் போகிறேன். ஐப்பசித் தூறலில் அந்த நான்குவழிச் சாலையில் முன்னால் போகிற லாரி சேற்றை வாரி இறைக்கும். அப்போது வெறும் வைப்பரைப் போட்டால் சேறு போகாது. தோசைக்கல்லில் மாவைத் தேய்த்த மாதிரி கண்ணாடி முழுக்கப் பரவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர்! பின் ஸீட்டில் மாமியாரும் என் பெண்ணும். அந்த 50 மீட்டரைக் கடந்து வீடு வந்து சேர்ந்ததும், "இதைச் சரி பண்ணாமல் வண்டியைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பட்டறையில் விரிசல் விட்ட தொட்டியைப் பசை போட்டு ஒட்டித் தந்தார்கள். பத்து நாள் கூடத் தாங்கவில்லை. தாங்காதுதான். இது பக்கெட் செய்கிற ஜாதிப் பிளாஸ்டிக். பசை அதில் பிடிப்பதே இல்லை. தொட்டி ஒழுகிப் போனதால் மோட்டாரும் போய்விட்டது. அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே அதற்குள் ஓடும் தண்ணீர்தான். கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் என்ன கதியோ அதே கதி இதற்கும்.

வாங்குவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள். லீவரை இழுத்தால் 'ங்ங்' என்ற சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. டியூப் கழன்றிருக்கும், அல்லது பீய்ச்சும் துவாரத்தில் உப்பு அடைத்திருக்கும். ஊசியால் குத்தினாலே சரியாகிவிடும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். எங்களுடையதில் ஃபியூஸ் நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். எங்கள் காரில் தொட்டி இருப்பது முன் சக்கரத்துக்கு அந்தப்புறம், கருப்புப் பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால். (சில வண்டிகளில் பானட்டைத் திறந்தவுடனே கண்ணில் படும்; அவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.) சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து வைத்திருந்ததால் டயர் விலகி இடம் கொடுத்தது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கவே இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

மறைப்பின் கிளிப்புகளைக் கழற்றியதும் தொட்டி தெரிந்தது. ஒயர் கப்ளரை அதன் பூட்டை அழுத்தி உருவினேன். டியூப்தான் வருஷக்கணக்கில் இறுகிப் போய் வர மாட்டேன் என்றது. வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் இரண்டு நிமிஷம் சுற்றி வைத்தேன். இடியாப்ப உழக்கு மாதிரி முறுக்காமல் நேராக இழுக்க, வந்துவிட்டது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட். தொட்டி கையோடு வந்தது.

புது மோட்டாரைப் புது ரப்பர் வளையத்தோடுதான் போட வேண்டும். வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தால் மோட்டார் வழுக்கிக்கொண்டு உட்காரும். எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப் போகும். மறைப்பை மாட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி, கீழே நியூஸ் பேப்பர் விரித்து அரைமணி பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. என் பெண்ணை லீவரை இழுக்கச் சொன்னேன். "அம்மா, வருதும்மா!" என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

வேலை முடிந்தது, ஆனால் அதில் எதை ஊற்றுவது என்பது வேறு விஷயம். லெஜியோனேர்ஸ் என்று ஒரு நிமோனியா உண்டு. 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் ஒரு மாநாட்டுக்குப் போனவர்களைத் தாக்கியதிலிருந்து அந்தப் பெயர். அதன் கிருமி வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் வளரும். நுண்ணிய சாரலாக மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கும். 2010-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்று, வாஷர் தொட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிய வண்டிகளில் போகிறவர்களுக்கு இந்த நோய்க்கான அபாயம் கூடுதல் என்றது. 2014-ல் அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் பள்ளி பஸ்களின் தொட்டிகளிலேயே இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அரிஸோனா வெயிலுக்கு நம் சித்திரை வெயில் ஒன்றும் இளைத்ததில்லை. ஆஸ்துமாக்காரர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் வெறும் தண்ணீரை ஊற்றுவேனா?

கடையில் கிடைக்கும் கண்ணாடி கழுவும் திரவத்தை, பாட்டிலில் சொன்ன அளவில் ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு துவாரத்தை அடைத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். நுரைத்து, காய்ந்து, கண்ணாடியில் கோடு கோடாக நிற்கும். ஊற்றுமுன் மூடியில் தண்ணீர் பீய்ச்சுகிற படம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிற மற்றொரு தொட்டி ரேடியேட்டருடையது. வண்டி ஓடி நின்ற சூட்டில் அதைத் திறந்தால் முகத்தில் கொதிநீர் அடிக்கும்.

குளிர் நாட்டுத் திரவங்களில் உறையாமல் இருக்க மெத்தனால் சேர்க்கிறார்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் பார்வையைப் பறிக்கிற விஷம் அது, உயிரையும் வாங்கும். நமக்கு உறைகிற கவலை இல்லை, ஆகவே லேபிளைப் படித்து அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் கலர் கலராக, சர்பத் மாதிரிதான் இருக்கிறது. மீதியைக் கூல் டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கச் சொன்னார் மாமியார். "வேண்டாம் அத்தை, அதே பாட்டிலிலேயே இருக்கட்டும்" என்று ஃபினாயிலோடு மேல் ஷெல்ஃபில் வைத்துப் பூட்டினேன்.