சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாது

மக்களே, ஒரு நிமிஷம் உங்க ஐடி கார்டைத் திருப்பிப் பாருங்க. கழுத்துல இருக்காது, பைக்குள்ள டேக்கோட சுருண்டு கிடக்கும்னு தெரியும், எடுத்தே பாருங்க. முன்பக்கம் பேரு, டிபார்ட்மென்ட், முதல் வருஷம் எடுத்த அந்தப் பரிதாபமான போட்டோ. பின்பக்கம் ரத்தப் பிரிவு, ஊர் முகவரி, கல்லூரி ஆபீஸோட லேண்ட்லைன் நம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த லேண்ட்லைனை யாருங்க எடுப்பா?

ஆறு மணியைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஹாஸ்டல்ல இப்போ சைக்கிள் ஓட்டுற கூட்டம் பெருகிப்போச்சு. திருவானைக்காவல் தாண்டி, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாழைத் தோப்புன்னு கல்லணை வரைக்கும் போயிட்டு, மெஸ்ஸுல பொங்கல் தீர்றதுக்குள்ள திரும்பிடுறோம். அந்த நேரத்துக்கு ட்ராக்ஸ், டி-ஷர்ட், ஒரு போன், அவ்வளவுதான். பர்ஸ்கூட எடுக்கிறதில்ல. டீக்கு ஜிபே இருக்கே!

பைக்குல போறவர் விழுந்தா நம்பர் பிளேட்டை வச்சே வண்டி யாருதுன்னு கண்டுபிடிச்சிடலாம். பர்ஸுல லைசென்ஸ் இருக்கும். சைக்கிளுக்கு லைசென்ஸும் வேணாம், ஆர்.சி. புக்கும் வேணாம். அதோட சுகமே அதுதான். ஆனா சைக்கிள்ல இருந்து விழுந்து, வாய் பேச முடியாமக் கிடக்கிறவர் யாருன்னு ஊருக்குச் சொல்ல அந்த வண்டிகிட்ட ஒண்ணுமே இல்ல.

போன மார்கழியில, உத்தமர்சீலிக்குக் கொஞ்சம் தள்ளி நாங்க மூணு பேரும் இதை நேர்ல பார்த்தோம். பனி இன்னும் விலகல. ரோட்டோரத்துல ஒரு பெரியவர் கிடந்தார். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். கேரியர்ல கட்டியிருந்த வாழை இலைக் கட்டு அவிழ்ந்து பரவியிருந்தது. ஏதாவது வண்டி தட்டிச்சா, தானா சாய்ஞ்சாரா, யாருக்கும் தெரியல. தலையில ரத்தம். கண் திறந்திருக்கு, கேட்டா முனகல்தான் வருது. டீக்கடை அக்கா 108-க்குப் போன் பண்ணிட்டாங்க. ஒருத்தர் மட்டும், "போலீஸ் கேஸாயிடும் தம்பி, தொடாதீங்க"ன்னு தூரமா நின்னு சொன்னார். (2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ-ன்னு ஒரு பிரிவே சேர்த்திருக்காங்க. நல்லெண்ணத்துல விபத்துல உதவி பண்றவர் மேல வழக்கு வராது. சத்தமாச் சொல்லிப் பழகுங்க, தேவைப்படும்.)

அவர் சட்டைப் பையில ஒரு பட்டன் போன் இருந்தது. லாக் இல்லாத போன்! எங்க மூணு பேர் போனும் கைரேகை கேக்குற போன். நாங்க அங்க கிடந்திருந்தா அந்த அக்காவுக்கு அது வெறும் கண்ணாடிச் சில்லுதான். சந்தோஷமா கான்டாக்ட்ஸைத் திறந்தோம். இருந்தது மொத்தம் எட்டோ ஒன்பதோ. கேஸ் கம்பெனி, குமாரு, ராணி, இலை மண்டி, இன்னும் சில வெறும் நம்பர்கள். மகன்னோ மகள்னோ வீடுன்னோ ஒண்ணும் இல்ல. ராணிக்கு அடிச்சோம், எடுக்கல. குமாரு எடுத்தார். சைக்கிள் கடைக்காரர். "இலைக்காரரா? பஞ்சர் ஒட்ட வருவார், வீடு தெரியாதே." இலை மண்டிக்காரருக்குத்தான் ஊர் தெரிஞ்சிருந்தது. ஆள் அனுப்புறேன்னார்.

அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்திடுச்சு. 108 யார், எவர்னு பார்த்துட்டு வர்றதில்ல. ஜி.எச்.சுலயும் பேர் தெரியலன்னு சிகிச்சையை நிறுத்தி வைக்கல. ஆனா டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு: "சுகர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" தலையில அடிபட்டவருக்கு அந்த ரெண்டாவது கேள்வி ரொம்ப முக்கியமாம். மூணு வருங்கால இன்ஜினியர்களும் சுவரைப் பார்த்தோம். மகள் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆச்சு. சுகர் உண்டு, அந்த இன்னொரு மாத்திரை கிடையாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. அதுவரைக்கும் நோட்டுல அவர் 'பெயர் தெரியாத ஆண்'. ஆறு தையலோட நல்லபடியா வீடு திரும்பிட்டார், பயப்படாதீங்க.

2005-ல இங்கிலாந்துல பாப் பிராட்சிங்கிற ஆம்புலன்ஸ் பாராமெடிக், போன்ல வீட்டு ஆள் நம்பரை 'ஐஸ்'னு சேமிச்சு வைங்கன்னு கிளப்பிவிட்டார். ஆபத்து நேரத்துல கூப்பிட வேண்டிய ஆள்ங்கிற ஆங்கிலச் சொற்களோட முதல் எழுத்துகள் அவை. பட்டன் போன் காலத்துக்கு அருமையான யோசனை. இப்போ லாக்குக்கு உள்ளே இருந்தா உதவாது. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸுக்குள்ள 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' இருக்கும். ஐபோன்ல ஹெல்த் ஆப்ல 'மெடிக்கல் ஐடி'. அதுல போட்டு வச்சா லாக் எடுக்காமலே, எமர்ஜென்சி கால் பக்கம் வழியாப் பார்க்கலாம். போடுங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. விழுந்தா முதல்ல உடையுறதே போன்தான், தவிர டீக்கடை அக்காவுக்கு அந்த வழி தெரிஞ்சிருக்கணும்.

அதனால காகிதம். ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணின, விசிட்டிங் கார்டு அளவுல ஒரு சீட்டு. அது உடம்புல இருக்கணும், சைக்கிள்ல இல்ல. ஆள் ஆம்புலன்ஸ்ல போயிடுவார், சீட்டுக்கு அடியில மாட்டின பை ரோட்டோரமே கிடக்கும். ட்ராக்ஸ்ல பாக்கெட் இல்லன்னா போன் கவருக்குப் பின்னாடி, நூறு ரூபா நோட்டு சொருகுற இடத்துல வைங்க. நம்பர் வெளிய தெரியுறது பிடிக்கலன்னா எழுத்து உள்பக்கம் பார்க்கட்டும்னு எங்க செட் பொண்ணுங்க சொன்னாங்க, சரியான பேச்சு. ஆதார் நம்பரெல்லாம் எழுதவே எழுதாதீங்க. ரத்தப் பிரிவை எல்லாரும் பெருசா எழுதுறோம். ஆனா அதை நம்பி யாரும் ரத்தம் ஏத்த மாட்டாங்க, ஆஸ்பத்திரியில பரிசோதிச்சுத்தான் ஏத்துவாங்க. வலிப்பு, சுகர், ஆஸ்துமா, ஒத்துக்காத மருந்து, தினம் சாப்பிடுற மாத்திரை: இதுக்குத்தான் அந்த இடத்தைக் கொடுக்கணும்.

நம்பர்தான் கஷ்டமான விஷயம். கை தானா அம்மா நம்பரை எழுதும். அம்மா தென்காசியில இருக்காங்க. தெரியாத நம்பர்ல இருந்து, "உங்க பையனுக்கு ஆக்சிடென்ட்"னு ஒரு குரல் வந்தா, ஒண்ணு மோசடின்னு கட் பண்ணுவாங்க, இல்ல எட்டு மணி நேர பஸ் பயணம் முழுக்க அழுதுட்டே வருவாங்க. இருபது நிமிஷத்துல வந்து நிக்கக்கூடிய ஆள் யாருங்கிறதுதான் கேள்வி. என் சீட்டுல முதல் நம்பர் ரூம்மேட்டோடது, ரெண்டாவது எங்க வார்டன் சாரோடது, மூணாவதுதான் அப்பா. பேருக்குப் பக்கத்துல 'ரூம்மேட்', 'வார்டன்', 'அப்பா'ன்னு உறவையும் தமிழ்ல எழுதியிருக்கேன். சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுதான் போட்டேன். தெரியாத நம்பரையும் எடுக்கிறேன்னு ரூம்மேட் சத்தியம் பண்ணியிருக்கான். செமஸ்டர் மாறி ரூம் மாறினா சீட்டும் மாறும்.

எங்க கேட் வாட்ச்மேன் தாத்தா தினம் ராத்திரி ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள்ல வர்றவர். டைனமோ லைட்கூட கிடையாது. அவருக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கலாம்னு பேனாவோட போய் உட்கார்ந்தேன்.

"மகன் நம்பர் சொல்லுங்க தாத்தா."

"அவன் வேணாம் தம்பி. குவைத்துல இருக்கான், அங்கிருந்து என்ன பண்ணுவான், பதறுவான். பக்கத்து வீட்டு டீச்சரம்மா நம்பர் போடு. அவங்க வீட்டுல ஆட்டோ நிக்குது."

பிரஷர் மாத்திரை பேரைச் சொல்லத் தெரியல. மறுநாள் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இப்போ சீட்டு அவர் சட்டைப் பையில, கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு.