கத்தி வைத்த பிறகு...

கள்ளக்குறிச்சி பக்கம் ஒருவர் திடீரென்று இளைத்துப் போனால் எதிரில் வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "என்னங்க, சுகர் வந்துடுச்சா?" என்பதுதான். அடுத்த கேள்வியை முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். "இல்லீங்க, ஆபரேஷன் பண்ணி உடம்பைக் குறைச்சேன்" என்று சொல்ல இங்கே ரொம்பவே தைரியம் வேண்டும். சொன்னால் "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை அறுத்துக்கிட்டான்" என்ற பேச்சு ரெடியாக இருக்கும்.

இந்தக் கூச்சம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்க டி.வி.யில் தினமும் காலையில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கரை அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2001ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த அவர் அப்பா, "எடையைக் குறைப்பேன்" என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகன் அப்போது அவ்வளவு பருமன். அடுத்த வருஷம், 2002ல், கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டார். ஆனால் உடனே யாருக்கும் சொல்லவில்லை! தினமும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் மனிதர், கண்ணெதிரே கரைந்துகொண்டே மறைத்திருக்கிறார்.

பத்து வருஷம் கழித்துத்தான் முழுக் கதையும் புத்தகமாக வந்தது. அறுவை முடிந்த புதிதில் சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிட்டு வெள்ளை மாளிகைக்குப் போய், வாயு என்று நினைத்து அது வாயுவாக இல்லாமல் போன கதையை 2013ல் டி.வி.யிலேயே சொன்னார் :-) ஊரே சிரித்தது. அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அம்மா நோயில் விழுந்தபோது அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். 18 கிலோ போலத் திரும்பி வந்தது. வயிறு சின்னதுதான், ஆனால் துக்கம் பழைய அளவிலேயே இருந்தது.

அப்படி என்னதான் செய்கிறார்கள் உள்ளே? இப்போது அதிகம் நடப்பது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிட, மிச்சம் வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் வேறு மாதிரி. இரைப்பையின் மேல் பகுதியைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். 1966ல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிய வழி இது. பைபாஸ் செய்தவர் ஒரு அதிரசம் தின்றால்கூடச் சிலருக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுக்க வேண்டியதுதான். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு, நெல், மரவள்ளி. இந்த ஊரில் இனிப்பையும் மாவுச்சத்தையும் விட்டு ஓடுவது எங்கே?

யார் செய்துகொள்ளலாம் என்பதற்கான கோடும் நகர்ந்துவிட்டது. 1991ல் அமெரிக்கா வகுத்த கணக்கில் பி.எம்.ஐ. 40, கூடவே சர்க்கரை மாதிரி நோய் இருந்தால் 35. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்றால் 109 கிலோ. 2022ல் வந்த புதிய வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்கிறது. அதே உயரத்துக்கு அது 75 கிலோ! (ஹாஸ்டலில் பாதிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள்.) குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்ற காரணம் நியாயமானதுதான். நிதின் கட்கரி 2011லும் அருண் ஜெட்லி 2014லும் அறுவைக்குப் போனபோது சர்க்கரையும் ஒரு காரணம். ஆனால் கோடு கீழே இறங்க இறங்க, விளம்பரப் பலகைகளின் குரலும் உயர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

"குறுக்கு வழி" என்று திட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். 1987ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் 2010 பேர், செய்யாத பருமனானவர்கள் 2037 பேர். 2020ல் வந்த கணக்குப்படி, செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று வருஷம் கூடுதலாக வாழ்கிறார்கள். அப்படியும் பொதுமக்களைவிட ஐந்தரை வருஷம் குறைவுதான். அமெரிக்காவின் யூட்டாவில் 2007ல் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. பைபாஸ் செய்தவர்களிடம் மொத்தச் சாவு 40 சதவீதம் குறைவு, ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத சாவுகள் 58 சதவீதம் அதிகம். இந்த இரண்டாவது எண்ணை அறுவைக்கு முன்னால் எத்தனை பேருக்குச் சொல்கிறார்கள்?

பாடகி கார்னி வில்சன் 1999ல் தன் பைபாஸை இன்டர்நெட்டில் நேரடியாகவே காட்டினார். ரோக்கருக்கு நேர் எதிர்! எடை இறங்கியது. பிறகு சாப்பாடு இருந்த இடத்துக்கு மது வந்தது. அதிலிருந்து மீண்டார். எடை மறுபடி ஏற, 2012ல் இரண்டாவது அறுவைக்குப் போனார். இது அவர் ஒருவருடைய பலவீனம் இல்லை. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது, போதை இறங்கவும் நேரமாகிறது. 2012ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மதுப் பிரச்சனை உள்ளவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், இரண்டாம் வருஷத்தில் 9.6.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன ஊர் இது. கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பு என்ற செய்தி புதிதே இல்லை. "குடிப்பீங்களா?" என்ற கேள்விக்கு மனைவி பக்கத்தில் நிற்கும்போது யார் உண்மை சொல்வார்கள்? இந்த மாவட்டத்திலிருந்து வருபவரிடம் டாக்டர் அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், இரண்டு தடவை.

திரும்பிப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போனவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் சென்னையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன 26 வயது இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணை வைத்தது. நல்ல மையங்களில் இந்த அறுவையில் சாவு மிக மிக அரிது, உண்மைதான். அந்த அம்மா அப்பாவிடம் போய் அந்தச் சதவீதத்தைச் சொல்ல முடியுமா?

2025ல் மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. "கொஞ்சம் பொறுத்திருந்தால் கத்தியே வேண்டாமே" என்று முன்பே அறுத்துக்கொண்டவர்களுக்குத் தோன்றலாம். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது, விலையும் மாசாமாசம். ஆகவே அந்த ஏக்கத்துக்கும் முழு நியாயம் இல்லை.

அறுவைக்குப் பிறகு வைட்டமின் மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. உயிருள்ளவரை! பி12 ஊசியைப் பக்கத்தில் எங்கேயும் போட்டுக்கொள்ளலாம். 2022ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் அறுத்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கு 250 கிலோமீட்டர் போல. வெள்ளிமலைக்காரர் முதலில் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, உளுந்தூர்பேட்டை தாண்டிப் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், இரண்டு நாள் கூலி போச்சு. முதல் வருஷம் எல்லோரும் போவார்கள், எடை இறங்குகிறதே என்ற சந்தோஷத்தில். ஐந்தாவது வருஷம், எடை கொஞ்சம் ஏறியிருக்கும்போது, டாக்டர் திட்டுவாரோ என்ற வெட்கத்தோடு அந்த பஸ்ஸில் ஏறுவதுதான் கஷ்டம்.